கொடைக்கானல்: மறந்துபோன பின்பாதி

கிழக்காசியத் தலைநகரங்களின் பெயர்களுக்குப் பொருள் தேடுவது எளிது. ஜப்பானின் டோக்கியோ என்றால் கிழக்குத் தலைநகர். அதற்கு முன் அந்நகரின் பெயர் எடோ. ஆற்றின் முகத்துவாரம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1868-இல் அரசாணை பிறந்தது, பெயர் மாறியது. சீனத்தின் பெய்ஜிங் என்றால் வடக்குத் தலைநகர். 1928-இல் தலைநகரம் தெற்கே நான்ஜிங்குக்கு மாறியபோது அதன் பெயரிலிருந்து 'தலைநகர்' என்ற சொல் நீக்கப்பட்டு, 'வடக்கின் அமைதி' என்று பொருள்படும் பெய்பிங் ஆயிற்று. 1949-இல் தலைநகர்ப் பட்டம் திரும்பியது. பழைய பெயரும் திரும்பியது. கொரியாவின் சியோல் என்ற சொல்லுக்கே தலைநகரம் என்றுதான் பொருள். சீனர்கள் நெடுங்காலம் அந்நகரைத் தங்கள் மொழியில் வேறு பெயரால் அழைத்துவந்தனர். அதை ஏற்காத சியோல் நகர நிர்வாகம், தன் பெயரின் ஒலிக்கு நெருக்கமான புதிய சீன எழுத்து வடிவத்தை 2005-இல் அறிவித்தது.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு மன்னரோ மன்றமோ அரசாணையோ உண்டு. ஆகவே, பொருளில் பெரிய குழப்பம் இல்லை. நம் பழனி மலைத்தொடரின் மீது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலின் நிலை வேறு. அப்பெயரை எந்த அரசனும் சூட்டவில்லை. மக்கள் வாயில் பிறந்து, மக்கள் வாயிலேயே வளர்ந்த பெயர் அது. அதனால்தான் ஆளுக்கொரு பொருள் சொல்கிறோம்.

நான் மொழியியல் படித்தவன் அல்லன். கல்லூரியில் பொருளாதாரம் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன். இருப்பினும், ஒரு பெயருக்கு எந்தப் பொருள் செல்வாக்குப் பெறுகிறது என்பதில் பொருளாதாரத்துக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறேன். கொடைக்கானல் அதற்கு நல்ல சான்று.

வழக்கில் இருக்கும் விளக்கங்களை முதலில் வரிசைப்படுத்தலாம். 'கொடை' என்றால் பரிசு, 'கானல்' என்றால் காடு. ஆகவே 'கானகத்தின் கொடை' என்பது சுற்றுலா விளம்பரங்கள் பரப்பிய விளக்கம். 'கோடி' என்றால் எல்லை. ஆகவே 'காட்டின் முடிவு' என்பது இன்னொன்று. 'கோடை' என்றால் வேனில். ஆகவே வேனிற்காலத்துக்கு ஏற்ற காடு என்பது மூன்றாவது. 'கொடி' படர்ந்த காடு என்பதால் கொடிக்கானல், அதுவே மருவிக் கொடைக்கானல் என்பது நான்காவது.

இந்த நான்கையும் உரசிப் பார்க்க முதல் உரைகல் தமிழ்த் தொடரமைப்பு. தமிழில் இரு சொற்கள் சேர்ந்து ஒரு பெயராகும்போது, பொருள் பெரும்பாலும் பின்சொல்லின் மேல் நிற்கும். முன்சொல் அதற்கு அடையாக வரும். மலைப்பாதை என்றால் அது பாதை. மாஞ்சோலை என்றால் அது சோலை. அப்படியானால் 'கானகத்தின் கொடை' என்பது 'கானற்கொடை' என்றல்லவா அமைய வேண்டும்? கொடைக்கானல் என்றால் கொடையாக வந்த காடு என்றுதான் பொருள்படும். 'காட்டின் முடிவு' என்பதற்கும் இதே தடை உண்டு. வில்லின் முனை என்ற பொருளில் தனுஷ்கோடி என்றுதான் பெயர் அமைந்தது. கோடிதனுஷ் என்று அமையவில்லை. ஆகவே, ஆங்கிலத்தில் அழகாக ஒலிக்கும் அந்த இரு விளக்கங்களும் தமிழ் இலக்கணத்தின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இரண்டாவது உரைகல், அண்டை ஊர்களின் பெயர்கள். ஓர் ஊர்ப்பெயரைத் தனியே நிறுத்திப் பொருள் கேட்டால் அது கற்பனைக்கு இடம் கொடுக்கும். உறவுக்காரர்களோடு நிறுத்திக் கேட்டால் உண்மை சொல்லும். கொடைக்கானல் நகரையொட்டி வட்டக்கானல் இருக்கிறது. மேற்கே, கேரள எல்லைக்கு அப்பால், மூணாறுக்கு அருகே சின்னக்கானல் இருக்கிறது, பெரியகானலும் இருக்கிறது. 2023-இல் 'அரிக்கொம்பன்' என்ற காட்டு யானையைப் பிடித்து வேறு காட்டுக்கு மாற்றியபோது சின்னக்கானல் என்ற பெயரைத் தமிழகம் முழுவதும் செய்திகளில் கேட்டது நினைவிருக்கலாம். கொடைக்கானல், வட்டக்கானல், சின்னக்கானல், பெரியகானல் என்று ஒரே மலைநாட்டில் ஒரே சொல்லில் முடியும் நான்கு பெயர்களைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

கானல் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது கானல்நீர்தான். இலக்கியம் பயின்றவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி நினைவுக்கு வரும். அங்கே கானல் என்பது கடற்கரைச் சோலை. கான், கானம், கானகம் என்ற சொற்கள் காட்டைக் குறிப்பவை. கடற்கரையானாலும் மலையானாலும் இவற்றுக்குப் பொதுவானது மரங்கள் திரண்டு நிற்கும் இடம் என்பதே. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் காடு தொடர்ச்சியாகப் பரவிக் கிடப்பதில்லை. விரிந்த புல்வெளி, அதன் மடிப்புகளிலும் பள்ளங்களிலும் திட்டுத் திட்டாக அடர்ந்த குறுமரக் காடு. இதுவே அம்மலைகளின் இயற்கை அமைப்பு. இந்தத் திட்டுகளைத்தான் தமிழர்கள் சோலை என்றனர். அச்சொல்லே 'ஷோலா' என்று ஆங்கிலத்துக்குச் சென்று, இன்று உலகெங்கும் உள்ள சூழலியலாளர்களின் கலைச்சொல்லாகிவிட்டது.

இப்போது அந்தப் பெயர்களை மீண்டும் பார்க்கலாம். எல்லையற்றுப் பரந்த காட்டை வட்டமானது என்றோ சின்னது என்றோ யாரும் சொல்வதில்லை. புல்வெளி சூழ்ந்த காட்டுத் திட்டுக்குத்தான் வடிவமும் அளவும் உண்டு. வட்டமான சோலை, சின்னச் சோலை, பெரிய சோலை என்று பிரித்தறிந்து பெயரிட்டவர்கள் அந்த நிலத்தில் நடந்து திரிந்தவர்களாகத்தான் இருக்க முடியும். ஆக, கொடைக்கானல் என்ற பெயரின் பின்பாதி குறித்து ஐயத்துக்கு இடமில்லை. அது காட்டைக் குறிக்கிறது. குறிப்பாகச் சோலைக்காட்டைக் குறிக்கிறது என்பது என் முடிவு.

முன்பாதியில் எஞ்சுபவை கோடையும் கொடியும். கோடை என்ற சொல்லுக்கு நாம் இன்று கொள்ளும் பொருள் வெயில் காலம். பழந்தமிழில் அதற்கு இன்னொரு முதன்மையான பொருள் உண்டு. கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை. திண்டுக்கல், வத்தலகுண்டு சமவெளியில் நின்று பார்ப்பவருக்கு இம்மலை மேற்கே தெரியும். மேல்காற்று வரும் திசையிலுள்ள மலை கோடைமலை எனப்பட்டதில் வியப்பில்லை. புறநானூற்றின் 205-ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார், கடிய நெடுவேட்டுவன் என்ற குறுநிலத் தலைவனைக் கோடை என்னும் மலைக்கு உரியவனாகக் குறிக்கிறார். அந்தக் கோடைமலை இதுவே என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

அப்படியானால் நெடில் எப்படிக் குறிலாயிற்று என்ற கேள்வி எழும். இதற்கு எழுத்து வரலாற்றில் விடை தேடலாம். ஓலைச்சுவடிகளில் கொ, கோ இரண்டையும் வேறுபடுத்தாமல் எழுதுவதே வழக்கமாக இருந்தது. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஓலை கிழியும் என்பதால் புள்ளியை விட்டுவிட்டனர். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்ற வேறுபாட்டை 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். பின்னர் ஆங்கில எழுத்தில் இப்பெயர் ஏறியபோது அங்கும் 'ஓ' ஒன்றுதான். அதைக் குறிலாகவும் நெடிலாகவும் படிக்கலாம். ஓலையில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை என்று ஒலியின் அளவு தொலைவதற்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன. 'கோடைக்கானல்' என்று எழுதுவோரை இன்றும் காணலாம்.

எதிர்த்தரப்புக்கும் வலு உண்டு. எழுத்து மாறினாலும் பேச்சு எளிதில் மாறாது. ஊர் மக்கள் குறிலாகத்தான் சொல்கிறார்கள். கொடிகள் பின்னிக் கிடப்பது சோலைக்காட்டின் கண்கூடான இயல்பு. வட்டம், சின்னம், பெரிது என்பவற்றைப் போலவே கொடி என்பதும் கண்ணால் கண்டு சொல்லும் அடைமொழிதான். ஆகவே, மேல்காற்றுக் காடு, கொடிகள் அடர்ந்த காடு என்ற இரண்டும் நிற்கத் தகுந்த விளக்கங்களே.

நிற்கத் தகாதது, வேனில் வாசத்தலம் என்ற பொருளில் சொல்லப்படும் கோடை. கோடைக்காலத்தில் குளிர் தேடி மலையேறும் வழக்கம் சமவெளியில் குடியேறிய ஐரோப்பியர்களுடையது. ஆங்கிலேய அதிகாரியான வார்டு இம்மலையை அளவையிட்டது 1821-இல். மதுரையிலிருந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் அஞ்சி இங்கே வீடு கட்டியது 1845-இல். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளைத் தடுத்து ஏரியை உருவாக்கியது 1863-இல். ஆனால், மலையில் மனிதர்கள் வாழ்ந்த வரலாறு அதனினும் மிக நீண்டது. தாண்டிக்குடி முதலான இடங்களில் கற்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. அவற்றைப் பற்றி இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் தனி நூலே வெளியிட்டது. பளியர், புலையர், குன்னுவர் ஆகியோர் வாழ்ந்த மலை இது. தாங்கள் ஆண்டு முழுவதும் வாழும் இடத்துக்கு, என்றோ வரவிருக்கும் விருந்தினரின் விடுமுறைக் காலத்தை அவர்கள் பெயராக வைத்திருக்க முடியாது.

மலைத்தொடரின் பெயருக்கும் இதே கதைதான். வடக்கு அடிவாரத்திலுள்ள கோயில் நகரின் பெயரே மலைத்தொடருக்கு ஆயிற்று. அந்நகரையோ சங்க இலக்கியம் பொதினி என்றது. அகநானூற்றின் முதல் பாடலிலேயே அப்பெயர் வருகிறது. பொதினியே பழனி ஆயிற்று என்பர் ஒரு சாரார். வளமான வயலைக் குறிக்கும் பழனம் என்ற சொல்லோடு இணைப்பர் வேறு சிலர். பக்தர்களுக்கோ 'பழம் நீ' என்ற கதையே போதும். வட்டாரத்து மக்கள் இம்மலையைத் தங்கள் வசதிக்கேற்ப இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மன்னவனூர், பூம்பாறை, கூக்கால், கவுஞ்சி உள்ள பக்கம் மேல்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் உள்ள பக்கம் கீழ்மலை. உயரமும் பயிரும் தட்பவெப்பமும் வேறுபடுவதை இரண்டே சொற்களில் அடக்கிய பெயர்கள் அவை.

பெயர் எப்படிப் பிறக்கிறது, எப்படி மாறுகிறது என்பதை நம் தலைமுறையே கண்ணால் கண்டிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் 'பேயின் சமையலறை' என்ற பொருளில் பெயரிடப்பட்ட ஆழமான பாறைப் பிளவு, 1991-இல் வெளியான ஒரு திரைப்படத்துக்குப் பின் குணா குகை ஆயிற்று. 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வெளிவந்ததும் அப்பெயர் இன்னும் அழுத்தமாக ஊன்றிக்கொண்டது. தற்கொலை முனை எனப்பட்ட இடம் பசுமைப் பள்ளத்தாக்கு ஆயிற்று; அச்சமூட்டும் பெயரை வைத்துக்கொண்டு சுற்றுலா வளராது என்ற கணக்கு புரிந்துகொள்ளக்கூடியதே. அம்மையநாயக்கனூரிலுள்ள ரயில் நிலையத்துக்குக் 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர். அங்கிருந்து மலைப்பாதையில் சுமார் 80 கிலோமீட்டர் போனால்தான் கொடைக்கானல். அங்கே வசிப்பவரின் ஊரை விட, வந்திறங்குபவர் போக வேண்டிய ஊரே பெயர்ப்பலகையில் இடம்பிடித்தது.

இதிலிருந்து ஒரு பொதுவிதியைக் காணலாம். ஒரு பெயருக்கு எந்தப் பொருள் நிலைபெறுகிறது என்பதை, அந்த இடத்தை யார் எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. வாழ்ந்தவருக்கு அது காடு. வந்து தங்கியவருக்குக் கோடை. விற்பவருக்குக் கொடை. சந்தையில் வலுவானவரின் விளக்கமே பாடநூலுக்கும் விளம்பரப் பலகைக்கும் போய்ச் சேருகிறது. பெயர் என்பது பொருளாதார மதிப்புள்ள சொத்து என்பதை அரசும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்தில் விளைந்த பூண்டை இப்பெயரில் விற்கக் கூடாது என்று சட்டமே காவல் நிற்கிறது.

பூண்டின் பெயருக்குக் காவல் இருக்கிறது. கானலுக்கு இருக்கிறதா என்பதே என் கேள்வி. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகச் சீகை மரங்களும், அவற்றோடு தைலமரமும் பைன் மரமும் கடந்த நூற்றாண்டில் இம்மலையின் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. புல்வெளி சுருங்கியது. சோலையின் ஓரங்களைக் கட்டடங்கள் அரித்தன. மழைநீரைப் பிடித்து வைத்துக் கசியவிடுவது புல்வெளியும் சோலையும் சேர்ந்து செய்யும் வேலை. வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு, பரப்பலாறு, மருதாநதி, மஞ்சளாறு, சோத்துப்பாறை ஆகிய அணைகளுக்கு வரும் நீர் இந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது. பழனியிலும் ஒட்டன்சத்திரத்திலும் பெரியகுளத்திலும் நெல்லும் காய்கறியும் விளைவிக்கும் உழவருக்கு, மேலே உள்ள கானல் அழகுப் பொருளன்று; அதுவே அவருடைய மூலதனம்.

காக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2013-இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025-ஆம் ஆண்டின் கோடைப் பருவத்துக்கு, வார நாள்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. விடுதி நடத்துவோரும் வாடகை வாகன ஓட்டுநர்களும் இதை எதிர்ப்பதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இரண்டு மாதங்களில் ஈட்டப்படுகிறது. ஆயினும், ஓர் இடத்தின் தாங்குதிறனைத் தாண்டி அதை விற்பது முதலை உண்பதற்குச் சமம். வட்டி குறைந்தால் அடுத்த ஆண்டு சரிசெய்துகொள்ளலாம். முதல் கரைந்தால் மீட்க ஒரு தலைமுறை போதாது.

இந்த இடத்தில் ஊர்ப்பெயர் ஆய்வுக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. தமிழக அரசு 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை பிறப்பித்தது. எழுத்துக்கூட்டல் பற்றி எழுந்த விமர்சனங்களால் சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெரிய ஊர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அவ்வளவு விவாதித்தோம். மலையில் உள்ள சோலைகள், ஓடைகள், பாறைகள், மேய்ச்சல் வெளிகள் ஆகியவற்றின் பெயர்கள் தமிழிலாவது முறையாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று எவரும் கேட்கவில்லை. அப்பெயர்கள் பெரும்பாலும் தேனெடுக்கச் செல்லும் பளியர்களின் நினைவிலும், மேல்மலைக் கிராமங்களின் முதியவர்கள் பேச்சிலுமே இருக்கின்றன. அவர்களோடு அவையும் போய்விடும்.

வருவாய்த் துறையும் வனத் துறையும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. பெருஞ்செலவும் ஆகாது. கிராமந்தோறும் உள்ள பள்ளி ஆசிரியர்களும் திண்டுக்கல், தேனி மாவட்டக் கல்லூரி மாணவர்களும் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கலாம். ஒவ்வொரு பெயரையும் ஊரார் சொல்லும் ஒலியிலேயே பதிவு செய்து, அது குறிக்கும் இடத்தை நிலப்படத்தில் குறித்தால் போதும். எங்கே 'கானல்', 'சோலை' என்று பெயர் இருந்தும் காடு இல்லையோ, அங்கே ஒரு காலத்தில் காடு இருந்தது என்பதற்கு அப்பெயரே முதல் துப்பு. சீகை மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்க முனைவோருக்கு, எந்த இடத்தில் எது இருந்தது என்பதைச் சொல்ல அதைவிட மலிவான ஆவணம் கிடைப்பது அரிது.

கொடைக்கானலின் முன்பாதி கோடையா கொடியா என்று அறிஞர்கள் தொடர்ந்து வாதிடட்டும்; அந்த வாதம் தமிழுக்கு நல்லது. பின்பாதியில் வாதத்துக்கு இடமில்லை. அடுத்த பருவத்தில் எத்தனை வாகனங்களை அனுமதிப்பது, எங்கே கட்டடத்துக்கு உரிமம் தருவது என்று முடிவெடுக்கும் அலுவலர்களின் மேசையில், அந்த ஊரின் பெயர் முழுமையாகப் படிக்கப்பட வேண்டும்.